மலைமேல் ஒரு திண்ணைப் பள்ளிக்கூடம்

சென்ற ஆண்டுக் கோடையில், என் 58-ஆவது வயதில், நான் ஜப்பானிய பாஷை படிக்கப் போனேன். வீட்டில் சிரித்தார்கள். அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற தபால் அதிகாரி ஒருவர் இருக்கிறார். அவர் சிரிக்கவில்லை, "தமிழில் எழுத வேண்டியதெல்லாம் எழுதித் தீர்த்தாயிற்றாக்கும்?" என்று மட்டும் கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. உண்மைக் காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருந்ததால், "சும்மா, பொழுதுபோக்கு" என்று சொல்லிவைத்தேன். உண்மைக் காரணம் இதுதான்: கவபாத்தாவின் நாவலை யாரோ ஒருவர் இங்கிலீஷில் ஆக்க, அதை வேறொருவர் தமிழில் ஆக்க, மூன்றாவது கையில் வாங்கிப் படித்துக்கொண்டிருக்கிறோமே, மூலத்தின் வாசனையைக் கொஞ்சமாவது முகர்ந்து பார்க்க மாட்டோமா என்ற ஆசை.

சென்னையில் ஆறு வாரக் கோடை வகுப்பு. என்னைத் தவிர எல்லாரும் இளைஞர்கள். ஜப்பானியக் கார்த் தொழிற்சாலைகளில் உத்தியோகம் தேடுகிறவர்கள் பாதிப் பேர். ஜப்பானியப் பொம்மைப் படம் பார்த்துப் பார்த்துப் பித்துப் பிடித்தவர்கள் மீதிப் பேர். வாத்தியாரம்மாவுக்கு என் மகள் வயது. நாங்கள் எல்லாரும் அவரை 'சென்சே' என்று கூப்பிட வேண்டும். அவர் என்னை மட்டும் 'சார்' என்று கூப்பிட்டார். நான் வீட்டுப்பாடம் எழுதாமல் போன நாட்களில்கூட அந்த 'சார்' குறையவில்லை. அதுதான் பெரிய தண்டனையாக இருந்தது.

முதல் வாரம் ஒரே குதூகலம். அ, இ, உ, எ, ஒ என்று உயிரெழுத்து ஐந்தும் நம்முடைய வரிசையிலேயே வருகின்றன. அப்புறம் க வரிசை, ச வரிசை, த வரிசை, ந வரிசை. இந்த ஒழுங்கு, புத்த மதத்தோடு கடல் கடந்துபோன சமஸ்கிருத எழுத்துக் கல்வியின் அடிச்சுவடு. வாக்கியமும் நம்மைப் போலவே வினையில் போய் முடிகிறது. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொள்கிறது. இங்கிலீஷ் படித்தபோது நாக்கையும் மூளையையும் தலைகீழாகப் புரட்டிய சிரமம் இதில் இல்லை. அதற்காக, தமிழும் ஜப்பானிய பாஷையும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று கிளம்பிவிடக் கூடாது. சுசுமு ஓனோ என்ற ஜப்பானியப் பேரறிஞர் உறவு உண்டென்று நெடுங்காலம் வாதாடினார்; பெரும்பாலான மொழி ஆராய்ச்சிக்காரர்கள் அதை ஒப்பவில்லை. நமக்குப் பெருமையாக இருக்கிறது என்பது ஒரு சான்றாகாது.

மூன்றாவது வாரம் குதூகலம் அடங்கியது. 46 ஹிரகானா எழுத்துக்களைக் கற்று நிமிர்ந்தால், அதே ஒலிகளுக்கு இன்னொரு கூட்டம் எழுத்து, கதகானா என்று நிற்கிறது. அதையும் தாண்டினால் சீனத்திலிருந்து வந்த காஞ்சி எழுத்துக்கள், மலைபோல. ஒரே எழுத்தை ஓரிடத்தில் ஒருவிதமாகவும் வேறிடத்தில் வேறுவிதமாகவும் வாசிக்க வேண்டும். ஆறு வாரம் முடிந்தபோது என்னால் கடைப் பலகையை எழுத்துக்கூட்டிப் படிக்கவும், "மழை பெய்கிறது" என்று சொல்லவும் முடிந்தது. கவபாத்தா அதே தூரத்தில்தான் இருந்தார்.

ஆறு வாரத்தில், எட்டு வாரத்தில், ஒரு பாஷை வருமா? வராது. அப்படியென்றால் உலகம் முழுவதும் கோடைதோறும் இத்தனை வகுப்புகள் எதற்காக நடக்கின்றன? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. பாஷையில் தோற்றவன் சரித்திரத்தில் புகுந்தேன்.

கோடையில் பாஷை கற்பிக்கும் ஏற்பாடு அமெரிக்காவில் பழையது. வெர்மான்ட் மாகாணத்தில் மிடில்பரி என்ற சிறிய ஊர்க் கல்லூரியில் 1915-ஆம் ஆண்டு கோடையில் ஜெர்மன் பாஷைக்கு ஒரு பள்ளி தொடங்கினார்கள். கோடை முடியும்வரை கற்கிற பாஷையைத் தவிர வேறு பாஷை பேசுவதில்லை என்று மாணவர்கள் சத்தியம் செய்து கொடுக்கும் வழக்கம் அந்தக் கல்லூரிக்குப் புகழ் தேடித் தந்தது. சாப்பாட்டு மேஜையில் உப்பு வேண்டுமென்றாலும் அந்தப் பாஷையில்தான் கேட்க வேண்டும். தெரியாதவன் உப்பில்லாமல் சாப்பிட வேண்டும். ஆனால் தொடங்கிய நேரத்தைப் பாருங்கள்! முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. சில ஆண்டுகளில் அமெரிக்காவும் யுத்தத்தில் இறங்க, ஜெர்மன் பாஷை எதிரியின் பாஷையாகிவிட்டது. பள்ளி மூடப்பட்டது, 1931-இல்தான் மறுபடி திறந்தார்கள். அங்கே ஜப்பானிய பாஷைக்குக் கோடைப் பள்ளி ஏற்பட்டது 1970-இல்.

ஆனால் என் மனத்தைப் பிடித்துக்கொண்டது மிடில்பரி அல்ல. அதற்கு மாணவர் பட்டியல் உண்டு, கட்டடம் உண்டு. நான் சொல்ல வருவது பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு பள்ளி. ஒரே ஒரு கோடை நடந்தது. 1941-ஆம் ஆண்டுக் கோடை.

நியூயார்க்கில் கொலம்பியா சர்வகலாசாலையில் டொனால்ட் கீன் என்ற மாணவன் படித்துக்கொண்டிருந்தான். 1922-இல் புரூக்லினில் பிறந்தவன். பள்ளியில் வகுப்புகளைத் தாண்டித் தாண்டி வந்ததால் பதினாறு வயதிலேயே சர்வகலாசாலைக்குள் நுழைந்துவிட்டான். கூடப் படித்த சீன நண்பன் ஒருவன் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஓரிரண்டு சீன எழுத்துக்களைக் காட்டிக் கொடுப்பான். அதில் ஒரு ருசி. 1940-ஆம் ஆண்டு, டைம்ஸ் சதுக்கத்துக்கு அருகே மலிவு விலைப் புத்தகக் கடை ஒன்றில் 'கெஞ்சியின் கதை' ஆர்தர் வேலியின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பில் இரண்டு பாகமாகக் கிடந்தது. விலை 49 சென்ட். ஜப்பானில் இலக்கியம் என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. இத்தனை பக்கம் இவ்வளவு மலிவா என்றுதான் வாங்கினான். புத்தகப் பைத்தியங்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. மூர் மார்க்கெட் இருந்த காலத்தில் நானும் இப்படித்தான் பல மேதைகளை எடைக்கு எடை வாங்கியிருக்கிறேன்.

அந்த ஆண்டு பாரிஸ் ஹிட்லரின் கைக்குப் போயிருந்தது. கீனுக்கு யுத்தம் என்ற சொல்லே பிடிக்காது. ஆயிரம் ஆண்டுக்கு முன் முராசாகி ஷிகிபு என்ற அரண்மனைப் பெண்மணி எழுதிய அந்தக் கதையில் காதல் இருந்தது, பிரிவு இருந்தது, சாவு இருந்தது, யுத்தம் இல்லை. பத்திரிகையைப் பார்க்கப் பயந்து அந்தப் புத்தகத்துக்குள் போய் ஒளிந்துகொண்டான்.

மறு ஆண்டு வசந்த காலத்தில் ஜார்ஜ் கெர் என்பவர் அவனைத் தேடி வந்தார். ஜப்பானிலும், அப்போது ஜப்பானியர் ஆட்சியில் இருந்த தைவானிலும் வாழ்ந்து, இங்கிலீஷ் வாத்தியாராக இருந்துவிட்டு வந்தவர். பிற்காலத்தில் தைவானின் 1947-ஆம் ஆண்டுப் படுகொலையை நேரில் கண்டு, அதைப் பற்றி 1965-இல் புத்தகம் எழுதியவரும் இவரே. வட கரோலினா மாகாணத்து மலையில் அவருக்குக் கோடையில் தங்க ஒரு வீடு இருந்தது. ஜப்பானிய பாஷையை முறையாகக் கற்க அவருக்கு ஆசை. ஆனால் தனியாக இருந்தால் சோம்பேறித்தனம் வந்துவிடும் என்று தம்மைப் பற்றி அவருக்கே தெரிந்திருந்தது. இரண்டொருவர் கூட இருந்தால் வெட்கத்துக்காவது படிப்போம் அல்லவா? அதற்குத்தான் மாணவர் தேடினார். வாத்தியாராக ஓர் இளைஞரை அமர்த்தினார். ஜப்பானிய வம்சம், பிறந்தது அமெரிக்காவில்.

விரல் விட்டு எண்ணக்கூடிய மாணவர்கள், ஒரு வாத்தியார், மலைக்காற்று. கட்டணம் கட்டி ரசீது வாங்கவில்லை, பரீட்சை கிடையாது, முடிவில் பத்திரம் கிடையாது. நம் ஊரில் திண்ணைப் பள்ளிக்கூடம் என்றோமே, அது தவிர இதற்கு வேறு பெயர் எனக்குத் தோன்றவில்லை.

பாடப்புத்தகம் என்ன தெரியுமோ? ஜப்பானில் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் படிக்கும் வாசகம். 1933-இல் ஜப்பானிய அரசாங்கம் வெளியிட்டது. முதல் முறையாக வண்ணப் படம் போட்ட பள்ளிப் புத்தகம். செர்ரி மரம் பூத்திருப்பதைச் சொல்லி முதல் பக்கம் தொடங்குவதால் அதற்குச் 'சகுரா வாசகம்' என்றே பெயர் வந்துவிட்டது. பத்தொன்பது வயது அமெரிக்கன் உட்கார்ந்து, பூ பூத்தது, பூ பூத்தது என்று குழந்தைபோல் ராகம் போட்டுப் படித்தான். கொஞ்சம் பக்கம் தள்ளினால் அதே வாசகத்தில் சிப்பாய்கள் அணிவகுத்து முன்னேறுகிறார்கள். ஆறு வயதுக் குழந்தைக்குப் பூவையும் துப்பாக்கியையும் ஒரே மூச்சில் ஊட்டிய புத்தகம். 1933-இல் அதைக் கையில் வாங்கிய குழந்தைக்கு 1945-இல் 18 வயது. கணக்கு சரியாக இருக்கிறது.

மலைக்கு மேலே பாடம் நடக்கும்போது கீழே உலகம் சும்மா இருக்கவில்லை. ஜூலை 26-ஆம் தேதி அமெரிக்கா தன் நாட்டிலிருந்த ஜப்பானியச் சொத்துக்களை முடக்கியது. ஆகஸ்டு பிறந்ததும் ஜப்பானுக்குப் போகும் எண்ணெயை நிறுத்தியது. இரண்டு சர்க்காரும் பேச்சு முறிந்து போகும் நிலைக்கு வந்த அந்தச் சில வாரங்களில், ஒரு மலைவீட்டில் அமெரிக்கர் சிலர் ஜப்பானியரின் பேச்சுக்கு ஆனா ஆவன்னா எழுதிக்கொண்டிருந்தார்கள்.

கோடை முடிந்தது. கீன் எவ்வளவு கற்றிருப்பான்? என்னைவிட அதிகம் என்பதில் சந்தேகமில்லை, மேதை அவன். இருந்தாலும் ஒரு கோடை ஒரு கோடைதான். 'கெஞ்சியின் கதை'யை மூலத்தில் திறந்திருந்தால் ஒரு வரி புரிந்திருக்காது. ஆனால் ஒரு காரியம் நடந்துவிட்டது. செப்டம்பரில் கொலம்பியாவுக்குத் திரும்பியவன், ரியூசாகு த்சுனோடா என்ற முதியவர் நடத்திய ஜப்பானியச் சிந்தனை வரலாற்று வகுப்பில் போய் உட்கார்ந்தான். சுற்றிலும் பார்த்தால் வேறு யாரும் இல்லை. ஒருவனுக்காக இவரைச் சிரமப்படுத்துவதா என்று கூச்சப்பட்டு, விலகிக்கொள்கிறேன் என்றான். ஒருவர் போதும் என்று சொல்லிவிட்டார் பெரியவர். அந்த ஒருவனுக்காக வகுப்புக்குப் புத்தகங்களை அடுக்கிச் சுமந்து வருவார்; கரும்பலகை நிறைய எழுதிப் போடுவார். பின்னால் இன்னும் ஓரிருவர் வந்து சேர்ந்தார்கள்.

கோடை வகுப்பு பாஷையைக் கற்றுக் கொடுத்ததா என்று கேட்டேன் அல்லவா? கேள்வியையே தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று அந்த இடத்தில்தான் எனக்குப் பட்டது. அது பாஷையைத் தரவில்லை. அந்தப் பாஷையைக் கற்காமல் இனி இருக்க முடியாது என்ற நிலையைத் தந்தது.

டிசம்பர் 7, 1941. ஞாயிற்றுக்கிழமை. கீனும் மலைவீட்டு வாத்தியாரும் ஸ்டேட்டன் தீவில் காலாற நடந்துவிட்டுப் படகில் மன்ஹாட்டன் கரைக்குத் திரும்பினார்கள். ஜப்பான் தாக்கியதாகத் தலைப்பு போட்ட பத்திரிகையை ஒருவன் விற்றுக்கொண்டிருந்தான். கதை அளப்பதில் பேர்போன பத்திரிகை அது. கீன் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனான். வீட்டில்தான் பேர்ல் ஹார்பர் செய்தி உண்மை என்று தெரிந்தது. உடனே வாத்தியாரைத் தேடிக்கொண்டு திரும்பவும் ஓடினான். எங்கும் காணவில்லை. யாராவது அடித்துவிடுவார்களோ என்று பயந்து அந்த மனிதர், விடிய விடியப் படம் ஓடும் ஒரு சினிமாக் கொட்டகையின் இருட்டில் இரவு முழுவதும் உட்கார்ந்திருந்தார் என்பது அப்புறம் தெரிந்தது.

அமெரிக்காவில் பிறந்து, அமெரிக்கனுக்கு எழுத்தறிவித்தவர். கோடையில் அவருடைய முகம் வாத்தியாரின் முகம். டிசம்பரில் எதிரியின் முகம். என்ன படம் ஓடிற்று என்று அவர் கவனித்திருப்பாரா?

த்சுனோடா 1917-ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் வாழ்ந்தவர். கொலம்பியாவில் ஜப்பானியப் புத்தகச் சேகரத்தை உண்டாக்கியவர். அவரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். கையில் நாய்கூட இல்லாமல் தனியாக நெடுந்தூரம் நடக்கிறாரே, அது சந்தேகத்துக்கு இடமில்லையா என்பதும் அவர்மேல் வந்த புகார்களில் ஒன்று. நீதிபதி புத்தியுள்ளவர், விட்டுவிட்டார்.

சரித்திரம் சில சமயம் நம் நாவல்களைவிட வெட்கங்கெட்டதாக நடந்துகொள்கிறது. நான் இப்படி ஒரு முரணைக் கதையில் எழுதினால் செயற்கை என்பார்கள். யுத்தம் வந்ததும் அமெரிக்கப் படைக்கு ஜப்பானிய பாஷை தெரிந்தவர்கள் அவசரமாக வேண்டியிருந்தது. தரைப்படை 1941 நவம்பர் முதல் தேதியன்றே சான் பிரான்சிஸ்கோவில் 60 மாணவர்களோடு ஒரு ரகசியப் பள்ளி தொடங்கியிருந்தது. இரண்டு பேர் தவிர எல்லாரும் ஜப்பானிய வம்சத்து அமெரிக்கர்கள். கடற்படைப் பள்ளி கலிபோர்னியாவில் பெர்க்லியில் இருந்தது. 1942 பிப்ரவரி 19-ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். அதன் விளைவாகப் பசிபிக் கரையோரத்து ஜப்பானிய வம்சத்தினர் லட்சத்துக்கு மேற்பட்டவர்கள், பெரும்பாலோர் அமெரிக்கப் பிரஜைகள், வீடு வாசலை விட்டு முள்வேலி முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அப்படியானால் வாத்தியார்கள்? கலிபோர்னியாவில் இருக்கக் கூடாது. ஆனால் அவர்கள் இல்லாமல் பள்ளி நடக்காது. கடைசியில் வாத்தியார்களை விட முடியாமல் பள்ளியையே பெயர்த்துக்கொண்டு, கடற்படைக்காரர்கள் கடலே இல்லாத கொலராடோ மலைச்சாரலில் போல்டர் நகரத்துக்குப் போனார்கள். முகாமில் அடைபட வேண்டியவர் வகுப்பில் நின்று பாடம் சொன்னார். அவருடைய உறவினர் முள்வேலிக்குள் இருந்தார்கள். தரைப்படைப் பள்ளியும் இதே காரணத்தால் மினசோட்டாவுக்கு மூட்டை கட்டியது.

கீன் கடற்படைக்குத் தானே கடிதம் எழுதி விண்ணப்பித்தான். யுத்தம் என்ற சொல்லையே வெறுத்தவன்! அந்தச் சங்கடத்தை அவன் மறைக்கவில்லை. பாஷை கற்க வேறு வழி தெரியவில்லை. மலைவீட்டுக் கோடை இல்லாவிட்டால் அந்தக் கடிதம் எழுதியிருப்பானா என்பது என் சந்தேகம். 1942 பிப்ரவரியில் சேர்ந்தான். பதினொரு மாதம். நாளைக்கு நாலு மணி நேரம் வகுப்பு, வாரத்தில் ஆறு நாள், சனிக்கிழமை பரீட்சை, ஒரு வகுப்பில் ஆறு பேருக்கு மேல் இல்லை. பாடப்புத்தகம் நாவோயே நகனுமா என்பவர் தயாரித்தது. அவர் டோக்கியோவில் அமெரிக்கத் தூதரகத்து அதிகாரிகளுக்குப் பாடம் சொன்ன ஜப்பானியர்! அந்தப் பள்ளியில் படித்தவர்களில் எட்வர்ட் சைடன்ஸ்டிக்கர் பிற்பாடு கவபாத்தாவை இங்கிலீஷுக்குக் கொண்டுவந்தார். கவபாத்தாவுக்கு 1968-இல் நோபல் பரிசு கிடைத்ததில் அந்த மொழிபெயர்ப்புக்கும் பங்குண்டு. நான் மூன்றாவது கையில் வாங்கினேன் என்றேனே, முதல் கை போல்டரில் பழகிய கை.

இதைச் சொல்லும்போது யுத்தத்துக்கு நன்றி சொல்வதுபோல் தொனித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. யுத்தம் பாஷையைக் கேட்டது உளவுக்காக. இலக்கியம் அதன் கணக்கில் இல்லை. இலக்கியத்தைக் கணக்கில் வைத்தது 49 சென்ட் புத்தகமும் மலைவீடும்.

கீன் பின்னாளில் ஜப்பானிய இலக்கிய வரலாற்றையே பல பாகங்களாக எழுதினார். (இனி அவரை 'அவன்' என்று எழுதக் கை கூசுகிறது.) 2011-ஆம் ஆண்டு ஜப்பானில் பூகம்பமும் கடல்கோளும் வந்து அயல்நாட்டார் பலர் கிளம்பிப் போனபோது, அவர் நியூயார்க் வீட்டைக் காலிசெய்துவிட்டு டோக்கியோவுக்கே குடிபோனார். 2012-இல் ஜப்பானியப் பிரஜையானார். 2019 பிப்ரவரியில் அங்கேயே, 96-ஆவது வயதில் காலமானார்.

ஆனால் நான் அவரை நினைக்கும்போது கிழவராக நினைப்பதில்லை. இருபது வயதுக் கடற்படை அதிகாரியாக, ஹவாய்த் தீவில் ஒரு மேஜையின் முன்னால் உட்கார்ந்திருப்பவராகத்தான் நினைக்கிறேன். அவருக்கு வந்து சேர்ந்த காகிதங்களில் பெரும்பாலும் உணவுக் கணக்கு, ஆணை நகல் என்று உயிரில்லாத விஷயங்கள். ஓரத்தில் ஒரு பெட்டியில் சில சிறிய நோட்டுப் புத்தகங்கள் கிடந்தன. ஒரு மாதிரி நாற்றம். பக்கங்களில் பழுப்பேறிய ரத்தக் கறை. குவாதல்கனால் தீவில் இறந்த ஜப்பானியச் சிப்பாய்களின் நாட்குறிப்புகள். அமெரிக்கப் படையில் சிப்பாய் நாட்குறிப்பு எழுதக் கூடாது. எதிரி கையில் சிக்கும் என்று தடை. ஜப்பானியப் படையில் அந்தத் தடை இல்லை. அந்தப் பாஷையை அந்நியன் படிப்பானென்று அவர்கள் எண்ணவில்லை போலும்.

கிறுக்கல் கையெழுத்து; யாரும் தொட விரும்பாத வேலை. கீன் தொட்டார். தொடக்கப் பக்கங்களில் வீரமும் சக்கரவர்த்தியின் பெயரும் இருக்கும். கப்பலில் போகும்போது பக்கத்துக் கப்பல் மூழ்குவதைப் பார்த்ததும் நடை மாறும். தீவில் இறங்கி மலேரியாவும் பட்டினியும் வந்தபின் எழுதுகிறவன் சிப்பாயாக இல்லை. புத்தாண்டு தினத்தன்று ஏழு பேருக்கு மொத்தம் பதின்மூன்று பட்டாணி இருக்கிறது, எப்படிப் பங்கிடுவது என்று ஒருவன் எழுதியிருந்தான். படித்துக்கொண்டிருந்த கீனுக்குத் தம் பக்கத்துச் சிப்பாய்கள் எழுதும் கடிதங்களைவிட இவர்கள் நெருக்கமானவர்களாகப் பட்டார்கள். அவருக்கு மெய்யாகவே தெரியவந்த முதல் ஜப்பானியர்கள் இவர்கள்தாம் என்று அவர் நினைத்தார். எல்லாரும் செத்துப்போனவர்கள்.

சில நோட்டுப் புத்தகங்களின் கடைசிப் பக்கத்தில் இங்கிலீஷில் இரண்டு வரி இருக்கும். இதைக் கண்டெடுக்கும் அமெரிக்கரே, யுத்தம் முடிந்ததும் இதை என் குடும்பத்தாரிடம் சேர்த்துவிடும் என்று வேண்டுகோள். அத்தகைய நோட்டுகளை மேலே அனுப்புவதுதான் சட்டம். கீன் அவற்றைத் தம் மேஜை அறையில் ஒளித்து வைத்தார். யுத்தம் முடிந்தபின் விலாசம் தேடிக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம்.

ஒருநாள் மேஜையைச் சோதனை போட்டார்கள். நோட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவை அப்புறம் அவர் கைக்குத் திரும்பி வரவே இல்லை.